யமஹா ஒய்.ஏ.எஸ். 280 ஆல்ட்டோ சாக்ஸபோன்: கொச்சியில் மூன்று மழைக்காலம், மலையாளப் பாட்டோடு

வாங்கி நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எர்ணாகுளம் கலூரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஒரு பாட்டை முதல்முறையாக நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "ஏட்டி, சங்கத்தில் பாடாத கவிதைல்லா இது!" என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே காலிங் பெல் அடித்தது. எதிர் வீட்டு அம்மச்சி. "மோளே, தும்பீ வா அல்லே அது? ஒந்நுகூடி வாயிக்கு" என்றார், இன்னொரு தடவை வாசி என்று.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். 1982-இல் இளையராஜா அந்த மெட்டைத் தமிழில் 'ஆட்டோ ராஜா'வுக்கும் மலையாளத்தில் 'ஓளங்கள்' படத்துக்கும் கொடுத்தார். வார்த்தை இல்லாமல் வாசித்ததால் அம்மாவுக்குத் தமிழும் அம்மச்சிக்கு மலையாளமும் கேட்டிருக்கிறது. போட்ட காசு அன்றைக்கே செரித்துவிட்டது எனக்கு.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 44. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் நாலு வருடம் கற்றுக்கொண்டதோடு சரி, வாத்தியம் எதையும் தொட்டதில்லை. மலையாள மெலடிகளை சாக்ஸபோனில் வாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாங்கினேன். அதே ஆசையோடு எது வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜாஸ் வாசிக்க, ராணுவ பேண்டில் சேர, கச்சேரி செய்ய என்றால் உங்கள் தேவை வேறாக இருக்கும்.

ஆசை வந்த இடம் அர்த்துங்கல். ஆலப்புழை மாவட்டத்தில், சேர்த்தலைக்குப் பக்கத்தில், கடலோரத்து பசிலிக்கா. ஜனவரியில் செபஸ்தியார் பெருநாள். எங்கள் ஊர் பனிமய மாதா திருவிழாவில் பேண்டு கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் பேண்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே 'பேண்ட் செட்' என்று சொல்வது வேறு ஒரு ஈடுபாடு. யூனிபார்ம் போட்டு வட்டமாக நின்று, கிளாரினெட், டிரம்பெட், யூபோனியம், பக்கத்தில் டிரம் என்று ஒரு முழு பாட்டை, இடையிசை ஒன்று விடாமல் வாசிப்பார்கள். சுற்றி நிற்கிற கூட்டம் ஒவ்வொரு இடையிசையையும் வாயால் கூடவே பாடும். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஆமென்' (2013) பார்த்திருந்தால் இந்தச் சூழல் பிடிபடும். அதில் கிளாரினெட்தான் உயிர். அன்று அர்த்துங்கலில் கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆல்ட்டோ சாக்ஸபோன். ஐம்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே யேசுதாஸ் பாட்டின் ஒரு சரணத்தை, கடைசி எழுத்தில் லேசாகக் காற்றை மட்டும் விட்டு முடித்தார். பாடகர் மூச்சை விடுகிற மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

கேரளத்தில் சாக்ஸபோன் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். பெருநாள் பேண்டில் இருக்கிறது. கானமேளை என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரியில் இருக்கிறது. 1969-இல் ஆபேல் அச்சன் கொச்சியில் தொடங்கிய கலாபவன் வளர்த்துவிட்ட கானமேளை மரபு இன்றும் உற்சவத்துக்கும் பெருநாளுக்கும் ஒரே மாதிரி கூட்டம் சேர்க்கிறது. கல்யாண ரிசப்ஷனில், மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வரும்போது ஒற்றை சாக்ஸபோன் நின்று வாசிக்கும். எழுபது, எண்பதுகளின் மலையாளப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னையில்தான் ரெக்கார்டிங் ஆயின. தமிழ்ப் பாட்டுக்கு வாசித்த கைகள் பலவும் அங்கேயும் வாசித்தன. அதனால்தானோ என்னவோ, அந்தக் கால மலையாளப் பாட்டின் இடையிசை எதைக் கேட்டாலும் நமக்கு வீட்டுச் சத்தமாகவே இருக்கிறது.

சரி, வாத்தியத்துக்கு வருகிறேன்.

இது என் இரண்டாவது சாக்ஸபோன். முதலாவதை ஆன்லைனில் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பளபளவென்று வந்தது, பெட்டியும் கையுறையும் துடைக்கிற துணியும் கூடவே வந்தன. ஏழு மாதம் அதோடு போராடினேன். கீழ் ஸ்வரங்கள் வரவே வராது, வந்தால் கரகரவென்று இரண்டாக உடையும். என் மூச்சுக்குத்தான் பலமில்லை என்று நினைத்து, காலையில் எழுந்து மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்தேன். மேல் ஸ்தாயியில் ஷட்ஜம் ஒரு இடத்தில், பஞ்சமம் இன்னொரு இடத்தில். ஸ்ருதிப் பெட்டியோடு வைத்து வாசித்தால் அழுகை வரும். காது பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். விரல் பட்டுப் பட்டே ஒரு கீ வளைந்துவிட்டது. ரிப்பேர் செய்கிறவர் அதை விரலால் அழுத்திக் காட்டி, உலோகம் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, இன்றைக்கு நிமிர்த்தினால் நாளைக்கு மறுபடி வளையும் என்றார். அந்த ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட தப்புப் பழக்கங்களைக் கழற்ற இன்னொரு வருடம் பிடித்தது. உதட்டால் இழுத்து ஸ்ருதி சேர்ப்பது, தேவைக்கு மேல் கடித்துப் பிடிப்பது, இரண்டும் அங்கே ஒட்டிக்கொண்டவை.

அப்புறம்தான் மாஷ் கிடைத்தார், இங்கே வாத்தியாரை அப்படித்தான் சொல்வார்கள். அங்கமாலிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் பேண்ட் செட்டில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். முதல் நாள் என் வாத்தியத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. "பாட்டு பாடுமோ?" என்று மட்டும் கேட்டார். பாடினேன். "அப்போ காதுக்குக் குறையில்லை, கொச்சே. இந்தச் சாதனத்தை மாற்று" என்றார். மலையாளத்தில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்.

எம்.ஜி. ரோட்டில் ஒரு கடைக்கு என்னோடு வந்து மாஷ் சோதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். தன்னுடைய மவுத்பீஸையும் (வாயில் வைத்து ஊதும் முனை) பழகிய ரீடையும் (அதில் மாட்டுகிற மெல்லிய நாணல் பட்டை) சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். புது வாத்தியத்தோடு புது ரீடும் சேர்ந்தால் குற்றம் எதனுடையது என்று தெரியாது என்பது அவர் கணக்கு. பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. எல்லாவற்றிலும் கீழே இருக்கிற பி ஃபிளாட்டைப் பிடித்தார், ஊதினார் என்றே சொல்ல முடியாது, மூச்சு விட்ட மாதிரி. வந்தது. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக, அதே மெதுவான காற்றில், மேலே எஃப் ஷார்ப் வரை ஏறினார். வேகமாக ஊதினால் ஒழுகுகிற வாத்தியமும் சத்தம் போடும், மெதுவாக ஊதினால்தான் எங்கே காற்று ஒழுகுகிறது என்று தெரியும். அடுத்து ஒரு சின்ன விளக்கைக் குழாய்க்குள் இறக்கி, கடை வெளிச்சத்தை அணைக்கச் சொல்லி, மூடிய பேடுகளின், அதாவது துளைகளை அடைக்கிற தோல் மெத்தைகளின், ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றிலும் பார்த்தார். கடைக்காரர் பொறுமையாக நின்றார். கடையில் இருந்த இரண்டு 280-ஐயும் இப்படிப் பார்த்து, ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். லட்ச ரூபாயை ஒட்டி ஆயிற்று. என் நகைச்சீட்டு முதிர்ந்த பணம் அது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்காக அவர்களுக்கு நன்றி.

கையில் எடுத்த உடனே தெரிவது, கீக்கள் விரலுக்கு அடியில் வந்து நிற்கிற இடம். என் கை சின்னது. இடது சுண்டுவிரலுக்கான கீழ் ஸ்வரக் கீக்கள் முதல் வாத்தியத்தில் எட்டவே எட்டாது. இதில் எட்டுகிறது, அழுத்தினால் முரண்டு பிடிக்காமல் இறங்குகிறது. வலது கட்டை விரல் தாங்கும் கொக்கியை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சின்ன விஷயம், ஒரு மணி நேரம் வாசித்தால் அருமை தெரியும். எடை இரண்டரைக் கிலோ வாக்கில். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வருகிற கழுத்துக்கு அது கூடுதல்தான். கூடவே வரும் கழுத்து ஸ்ட்ராப்பை ஒரு மாதத்தில் மாற்றி, இரண்டு தோளிலும் மாட்டுகிற ஹார்னஸ் வாங்கினேன். பெண்களுக்கும் கழுத்து வலி இருப்பவர்களுக்கும் இதை முதல் நாளே வாங்கச் சொல்வேன்.

ஸ்ருதி சுத்தம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தம்புராவைப் போட்டுவிட்டு ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் நீளமாகப் பிடித்தால், உதட்டை அசைக்காமலே போய் உட்காருகின்றன. எந்த சாக்ஸபோனிலும் ஒன்றிரண்டு ஸ்வரம் சற்று விலகித்தான் இருக்கும். அதை இழுத்துச் சேர்ப்பது வாசிப்பவர் வேலை. ஆனால் எது வாத்தியத்தின் இயல்பு, எது என் தப்பு என்று பிரித்துத் தெரிகிற அளவுக்கு இது நேர்மையானது. கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டைக் கணக்கில் பழகிய தமிழர்களுக்கு ஒரு குழப்பம் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்ட்டோ என்பது ஈ ஃபிளாட் வாத்தியம். அதில் 'சி' என்று விரல் வைத்து ஊதினால் வெளியே கேட்பது 2½ கட்டை. 1 கட்டையில் பாட வேண்டும் என்றால் 'ஏ'யை ஷட்ஜமாக வைக்க வேண்டும், 2 கட்டைக்கு 'பி', 4 கட்டைக்கு 'டி'. முதல் மாதம் இதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டியிருந்தேன். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இங்கிலீஷ் எழுத்துகளை மறந்துவிட்டு, ஷட்ஜத்தை இடம் மாற்றி மாற்றி ஸரளி வரிசை வாசித்தால் போதும், மூன்று மாதத்தில் பிடிபடும்.

இப்போது பாட்டு. இசையமைப்பாளர் ரவீந்திரன் மாஷின் 'பிரமதவனம்' (1990) ஜோக் ராகம். ஜோக்கின் உயிர் இரண்டு காந்தாரங்களில் இருக்கிறது. ஏறும்போது அந்தர காந்தாரம், இறங்கும்போது மத்யமத்தைத் தொட்டுவிட்டு சாதாரண காந்தாரத்தில் சாய்ந்து ஷட்ஜத்துக்கு வரும். பாடினால் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு வரும் இடம். எனக்குக் கிடைத்த கரோக்கே டிராக் 1 கட்டையில் இருந்தது, அதாவது என் விரலுக்கு 'ஏ' ஷட்ஜம். அந்தர காந்தாரம் சி ஷார்ப். அதற்கு ஒரு விரலும் வேண்டாம், எல்லாம் திறந்தபடி, காற்றில் நிற்கிற ஸ்வரம். அடுத்த மத்யமம் டி. அதற்கு ஆறு விரலும் மூடி, இடது கட்டை விரல், ஸ்தாயியை ஏற்றுகிற ஆக்டேவ் கீயையும் அழுத்த வேண்டும். அங்கிருந்து சாதாரண காந்தாரம், ஒற்றை நடுவிரல். அப்புறம் ஷட்ஜம், இரண்டு விரல். பாடகருக்கு அரை அங்குலம் கூட நகராத இடம், எனக்கு ஒன்றுமில்லாமையிலிருந்து ஆறு விரலுக்கு ஒரே நொடியில் தாவுகிற இடம். ஒரு விரல் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் நடுவில் ஒரு 'டக்' கேட்கும். ராகம் அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டு வாரம் அந்த நாலு ஸ்வரத்திலேயே கிடந்தேன். மாஷ் வந்து கேட்டுவிட்டு, என் இடது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் டி கீயைக் காட்டினார். மேல் ஸ்தாயிக்கான கீ அது. ஆக்டேவை அழுத்தாமல் அதை மட்டும் தொட்டால், திறந்திருக்கிற சி ஷார்ப்பிலிருந்து டிக்கு வழுக்கிப் போகலாம். ஸ்ருதி ஒரு இழை கூடுதலாக நிற்கும், உதட்டைத் தளர்த்தி இறக்கிக்கொள்ள வேண்டும். செய்தேன். அந்த 'டக்' போய், பாட்டில் இருக்கிற அதே சாய்வு வந்தது. மாஷ் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார், மறுபடி, மறுபடி. நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

இதை ஏன் வாத்தியத்தின் விமர்சனத்தில் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த வித்தை என் பழைய வாத்தியத்தில் நடக்காது. அங்கே சி ஷார்ப்பே நிலையில்லாமல் ஆடும், டியில் கொப்பளிக்கும். காற்று ஒழுகாத குழாயும், ஒரே சீராக எழும்பும் கீயும் இருந்தால்தான் விரல் செய்கிற நுணுக்கம் காதுக்கு வந்து சேரும். 280-இல் வந்து சேர்கிறது.

கமகம் சாக்ஸபோனில் வருமா என்று கேட்பவர்களுக்குப் பதில், 2019-இல் மறைந்த கத்ரி கோபால்நாத். தமிழர்களுக்கு அவரை 'டூயட்' (1994) வழியாகத் தெரியும். அதே வருடம் லண்டனில் பி.பி.சி. ப்ராம்ஸ் இசை விழா மேடையிலும் வாசித்தார். மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கியவர் அவர். அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரீஸில் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே ராணுவ பேண்டுகளோடு சுற்றிய கருவி, கடைசியில் தியாகராஜர் கீர்த்தனைக்கு வந்து சேர்ந்தது அவர் கையில்தான். சென்னையில் அவருக்கு வழிகாட்டிய டி.வி. கோபாலகிருஷ்ணன் பிறந்த ஊர் திருப்பூணித்துறை, என் வீட்டிலிருந்து மெட்ரோவில் கொஞ்ச நேரம். அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தொடர்பு எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் கத்ரி வழி வேறு, இங்கே பேண்ட் செட்டிலும் கானமேளையிலும் கேட்கிற வழி வேறு. கத்ரி நாதஸ்வரத்தை மனதில் வைத்து, நிறைந்த காற்றில், ஸ்வரத்தை ஆட்டி வாசிப்பார். மலையாள மெலடி வாசிக்கிறவர்கள் பாடகரின் குரலை மனதில் வைக்கிறார்கள். கீழ் ஸ்தாயியில் பாதிக் காற்றும் பாதி நாதமுமாக ஆரம்பிப்பது, நாக்கால் தட்டாமல் மூச்சாலேயே எழுத்தைத் தொடங்குவது, வரியின் கடைசியில் மட்டும் லேசான அசைவு. இசையமைப்பாளர் ஜான்சன் மாஷ் பாட்டுகளை வாசிக்க இந்த இரண்டாவது வழியைத்தான் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். 280-இன் குணம் இதற்குப் பொருந்துகிறது. கீழே மெதுவாகத் தொடங்கினால் ஒத்துழைக்கிறது, அடித்துத் தொடங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. மேல் ஸ்தாயியில் நாதம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். ரிசப்ஷன் மேடைக்கு அது நல்லது, சின்ன அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் இருட்டு வேண்டியிருக்கிறது.

கூட வரும் 4சி மவுத்பீஸ் கற்றுக்கொள்ள அருமை. வாய் குறுகலாகத் திறந்திருப்பதால் காற்று குறைவாக இருந்தாலும் ஸ்வரம் வரும், ஸ்ருதி நிற்கும். ஒன்றரை வருடம் அதிலேயே இருந்தேன். இழைப்புகள் அதிகம் வேண்டும் என்று ஆனபோது, சற்று அகலமாகத் திறந்த மேயர் 5-க்கு மாறினேன். ஸ்வரத்தை வளைக்க இடம் கூடியது, கூடவே கட்டுப்படுத்தும் வேலையும் கூடியது. முதல் வருடத்தில் யாரும் மாற்ற வேண்டாம். மாற்றினால் நாதம் மாறும் என்று ஆசையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீடு தனிச் செலவு. 2½ நம்பர் வாண்டோரன் நீலப் பெட்டி எனக்கு ஒத்துக்கொண்டது (நம்பர் என்பது ரீடின் கெட்டி), ஆரம்பத்தில் 2 போதும். பெட்டியில் பத்து இருக்கும், மனசுக்குப் பிடித்த மாதிரி வாசிப்பது மூன்றோ நாலோதான். அந்த நாலையும் நம்பர் போட்டு முறை வைத்து மாற்றி வாசித்தால் நாள் வரும். ஒன்றையே தினமும் ஊதினால் மூன்று வாரத்தில் துவண்டுவிடும்.

கொச்சிக்காரர்களும் கடலோரத்தில் இருப்பவர்களும் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஜூன் பிறந்தால் இங்கே காற்றே ஈரத்துணி. முதல் மழைக்காலத்தில், ஒரு வாரம் ஆடிட் வேலையில் தொடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். திறந்தால் ரீடுகளில் பூஞ்சை, பெட்டிக்குள் பள்ளிக்கூட மழைக்கோட்டு வாசம். ஜி ஷார்ப் கீ பேட் துளையோடு ஒட்டிக்கொண்டு, விரலை அழுத்தினாலும் எழும்பவில்லை. வாத்தியத்தின் குறை இல்லை அது. எந்த சாக்ஸபோனிலும் அந்தக் கீ இயல்பாக மூடியே இருக்கும், ஸ்பிரிங் பலம் குறைவு, எச்சில் ஈரம் அங்கே தங்கும். மாஷ் ஒரு மெல்லிய காகிதத்தைப் பேடுக்கு அடியில் வைத்து, லேசாக மூடிப் பிடித்து, ஈரத்தை உறிஞ்சவிட்டு எடுத்தார். மூன்று தடவையில் சரியானது. மூடியபடி காகிதத்தை உருவாதீர்கள், தோல் கிழியும். இப்போது ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்துத் துடைக்கிறேன், நெக்கைத் தனியாக. அந்த ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைப்பதில்லை, கொடியில் காயப்போடுகிறேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். நெக் கார்க்குக்குக் கொஞ்சம் கிரீஸ். அதற்கப்புறம் வந்த இரண்டு மழைக்காலமும் தொந்தரவு இல்லாமல் போயின. லாக்கர் பூச்சு, வியர்வை படுகிற வலது கைப் பக்கம் மட்டும் ஒரு இடத்தில் மங்கியிருக்கிறது, மற்றபடி பொன்னிறம் அப்படியே.

பெட்டி முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரி வருவது எனக்குப் பெரிய வசதி, மெட்ரோவில் ஏறி இறங்கலாம். பஸ்ஸில், கூட்டத்தில் போகிறவர்கள் இன்னும் கெட்டியான பெட்டி ஒன்று பார்த்துக்கொள்வது நல்லது.

சத்தத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம்தான். ஃபிளாட்டில் இருந்தால் பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறரையிலிருந்து ஏழேகால், ஜெபமாலை நேரத்துக்கு முன்னால். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து வாசித்தால் அறையின் எதிரொலி அடங்கும். மெதுவாக வாசித்துப் பழகியதே என் கீழ் ஸ்தாயியைக் காப்பாற்றியது என்று மாஷ் சொல்வார்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்கிறேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருப்பவர்கள் இவ்வளவு பணம் போட வேண்டாம். அதற்காக நான் வாங்கின மாதிரி பளபளப்பானதையும் வாங்க வேண்டாம். நல்ல கம்பெனியின் பழைய வாத்தியம், பேடு மாற்றியது, வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பேண்ட் செட் கலைத்தவர்களிடமும் கானமேளையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமும் அப்படி நிறைய இருக்கிறது இங்கே. அவர்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார்கள், யாராவது வாசித்தால் போதும் என்று கொடுப்பார்கள். ஏற்கெனவே நன்றாக வாசிக்கிறவர்களுக்கு 280-இன் நாதம் இரண்டு வருடத்தில் போதாமல் போகலாம். எனக்கு இன்னும் போதாமல் போகவில்லை. நான் நினைத்த பாட்டு வராத நாட்களில் காரணம் இன்னமும் என் மூச்சில்தான் இருக்கிறது, குழாயில் இல்லை.

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாஷ் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடுகிறோம். ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், இரண்டு காலேஜ் பையன்கள், கானமேளையில் வாசித்த ஒரு சேட்டன், நான். நாலு ஆல்ட்டோ, ஒரு டெனர். போன தடவை ஔசேப்பச்சன் இசையமைத்த 'தேவதூதர் பாடி' எடுத்தோம். 1985-இல் வந்த பாட்டு, 2022-இல் மறுபடி ஒரு படத்தில் வந்து, இப்போது காலேஜ் பையன்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிகிறது. வயலின் வாசிக்கிற இடத்தை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது, மாஷ் என் பக்கம் கையைக் காட்டினார். வேகமான ஸ்வரங்கள். எனக்கு இன்னும் முழு வேகம் வரவில்லை, மெட்ரோனோமில் எண்பதில் நிற்கிறேன்.

அம்மச்சி நேற்றும் வந்து, "அந்த வேகப் பாட்டு என்னாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் நம்பர் போட்டு வைத்த நாலு ரீடில் மூன்றாவதுதான் இந்தப் பாட்டுக்கு ஒத்து வருகிறது. அதை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.